நாலாவது டிஸ்க்

எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் ‘தலைமைக் குழு’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆறு படங்கள், ஆறு புன்னகைகள், ஒவ்வொருவருக்கும் எண்பது சொற்களில் ஒரு பின்னணி. பதினோரு வருடங்களாக அந்த எண்பது சொற்களை எழுதிக்கொடுப்பது நான்.

எழுதுவது என்றால் உள்ளதை எழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். நிர்வாகத் தலைவர் ஒரே தேர்வில் மூன்று முறை தோற்றவர். அதை ‘தொடக்கத்திலிருந்தே வழக்கமான பாதையை மறுத்தவர்’ என்று எழுதினேன். விற்பனைத் தலைவரை நான்கு நிறுவனங்கள் வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தன. ‘நான்கு முன்னணி நிறுவனங்களில் பழுத்த அனுபவம்’ என்றேன். கடைசி வரி எப்போதும் பொழுதுபோக்கு. முதல் மாடிக்கே லிஃப்ட் எங்கே என்று தேடுகிற நிர்வாகத் தலைவருக்கு மலையேற்றத்தில் ஆர்வம் என்று போட்டதும் நான்தான். அதைப் படித்துவிட்டு ஒரு வாடிக்கையாளர் அவருக்கு மலையேறும் காலணி பரிசளித்தார். அது பிரிக்காத பெட்டியில் அவர் அலமாரிமேல் இன்னும் இருக்கிறது.

அவருடைய பின்னணியில் இன்னொரு வரியும் உண்டு. ‘பதினெட்டு ஆண்டுகளில் எங்கள் இயந்திரங்களின் கோளாறால் வாடிக்கையாளரின் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை.’ நான் முதலில் எழுதியதில் ‘இயந்திரங்களின் கோளாறால்’ என்பது கிடையாது. சட்டப்பிரிவு சேர்க்கச் சொன்னது, சேர்த்தேன். அந்த இரண்டு சொற்களுக்குள் என் சொந்த அண்ணனைப் புதைத்திருந்தார்கள். மண்ணைத் தள்ளி மூடியது நான்.

இப்போது எங்கள் நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கப்போகிறது. தலைமைக் குழுவின் பின்னணியைப் புதிதாக எழுதித் தரவேண்டுமாம். ஆறு பேரையும் மறுபடி உட்காரவைத்துக் கேட்டு எழுதிவிட்டேன். ஏழாவதாக ஒருவனின் பின்னணி இது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எண்பது சொற்களில் அடங்கவும் அடங்காது.

எனக்கும் அண்ணனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா போனபோது அவன் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தான். அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தான், பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேர். நான் கல்லூரியில் மொழிப்பாடம் எடுத்துப் படித்தது அவன் சம்பளத்தில். “கம்ப்யூட்டர் படின்னா கவிதை படிக்கறா” என்று அம்மா புலம்புவாள். “எல்லாரும் ரிப்பேர் பண்ணிட்டே இருந்தா, ரிப்பேருன்னு போர்டு எழுத ஒரு ஆளு வேணாமா?” என்று அவன் அவள் வாயை அடைத்துவிடுவான்.

நிறுவனம் தொடங்கியது ஒரு டயர் கடையின் மாடியில். ஐந்து பேர். நான்கு பேர் பட்டம் வாங்கியவர்கள், ஐந்தாவது என் அண்ணன். அவர்கள் செய்தது ஓர் இரும்புப் பெட்டி. ஓர் அலுவலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் தங்கள் கோப்புகளை நெட்வொர்க் வழியாக அந்தப் பெட்டியில்தான் போட்டு வைக்கும். முன்பக்கம் பன்னிரண்டு தட்டுகள், தட்டுக்கு ஒரு டிஸ்க். ஒரு டிஸ்க் செத்துப்போனால், மற்ற பதினொன்றும் சேர்ந்து அதில் இருந்ததைக் கணக்குப் போட்டுத் திரும்ப எழுதிவிடும். இரண்டு போனால் எல்லாமே போச்சு. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், மிச்சக் கதை உங்களுக்குப் புரிந்துவிடும்.

முதல் பெட்டிக்குத் தகடு வெட்டியது அண்ணன். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி முதல் வாடிக்கையாளர் அறையில் இறக்கியதும் அவன்தான். அதற்குப் பிறகு எங்கே எந்த டிஸ்க் செத்தாலும், செத்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவது அவன் வேலையானது. அலுவலகத்தில் ‘தட்டு அண்ணன்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் சாப்பிட்ட தட்டை அவன் எடுத்தாலே, “மெதுவா எடுங்க, டேட்டா போயிடப்போகுது” என்று அண்ணி வாரிவிடுவாள். அவன் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கழுவுமிடம்வரை நடந்து காட்டுவான்.

பெட்டியை வடிவமைத்த தொழில்நுட்பத் தலைவருக்கு ‘ஜீரோ சார்’ என்று பெயர். எதையும் பூஜ்ஜியத்திலிருந்துதான் எண்ணுவார். கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணுமாம். தன் இரண்டு பெண்களையும், “இவ ஜீரோ, அவ ஒண்ணு” என்று அறிமுகப்படுத்துவார். மூத்தவள் முறைப்பாள்.

என்னை அங்கே சேர்த்துவிட்டது அண்ணன். “என் தங்கச்சி நல்லா எழுதுவா சார், தப்பே வராது” என்று தலைவரிடம் சொன்னானாம். எழுத்து என்று எதில் இருந்தாலும் அது என் மேசைக்கு வரும். கையேடு, அட்டைப்பெட்டி, ஸ்டிக்கர், கழிப்பறைக் கதவில் ஒட்டும் அறிவிப்புவரை. பார்த்துத் திருத்தி, கீழே ‘சரி பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். தப்பைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பிரசவத்துக்குச் சேர்ந்த அன்று மருத்துவமனை நீட்டிய படிவத்தில் இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘பேனா’ என்றுதான் கூப்பிடுவான்.

அது நடந்து ஒன்பது வருடமாகிறது. நான் பிரசவ விடுப்பில் போய் மூன்று மாதம், பையன் பிறந்து மூன்று வாரம். ஒரு கண் மருத்துவமனை தன் பழைய கோப்புகளையெல்லாம் எங்கள் புதுப்பெட்டி ஒன்றுக்கு மாற்றியிருந்தது. திரையில் ‘டிஸ்க் 4 பழுது’ என்று வந்தது. அண்ணன் போனான். அந்த நாளில் செத்த டிஸ்கைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு விளக்கெல்லாம் எங்கள் பெட்டியில் கிடையாது, தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் உருவ வேண்டும். உருவினான். புதியதைச் செருகினான். பெட்டி நின்றுவிட்டது. அவன் உருவியது உயிரோடு இருந்த டிஸ்க். ஏற்கெனவே ஒன்று செத்திருந்தது, இதோடு இரண்டு.

பதினோராயிரத்து நானூறு பேரின் விழித்திரைப் படங்கள் போயின. வருடா வருடம் எடுத்து, பழையதோடு ஒப்பிட்டு, பார்வை மங்குகிறதா என்று கண்டுபிடிக்கிற படங்கள் அவை. தனியாக ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. அவர்கள் எடுக்கவே இல்லை. பழைய படம் இல்லாததால் நோய் முற்றியது தெரியாமலே இரண்டு பேருக்கு ஒரு கண் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். அண்ணன் அதில் ஒருவரைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்ன சொன்னார் என்று கேட்டேன். “டீ குடுத்தாரு” என்றான்.

இரண்டு நாள் விசாரணை. ‘மனிதத் தவறு’ என்று எழுதி அவனை வெளியே அனுப்பினார்கள். நான் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கோபமெல்லாம் அவன்மேல்தான். ஒருநாள் கேட்டேவிட்டேன்: “இத்தனை வருஷமா இதே வேலைதானே பண்ற? நாலு எது அஞ்சு எதுன்னு பாக்கத் தெரியாதா உனக்கு?”

அவன் என் பையனுக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டிருந்தான். “தெரியாம போச்சே, பேனா” என்றான்.

இதை எழுதும்போது என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் நான்கு இடங்களில் வேலை கேட்டான். நேர்முகத்தில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போகும். பிறகு பின்னணி விசாரிக்க எங்கள் அலுவலகத்துக்குப் போன் வரும். எங்கள் அலுவலகம் இரண்டே சொல் சொல்லும். அவ்வளவுதான், அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஆறு வருடமாக ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிறான். ஓர் ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு, ஒரு பொத்தான், ஏறி இறங்குகிற ஒரு குறுக்குக் கம்பி. கார் புகை உள்ளே வந்து வந்து இருமல் நிரந்தரமாகிவிட்டது.

போன மாதம் ஒரு பெரிய மருத்துவமனையில் அவனுக்கு வேலை வரும்போல இருந்தது. அவர்களுடைய சேமிப்புப் பெட்டிகள் இருக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளிர்ந்த அறை, சுத்தமான காற்று, அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை. அவனுக்கு ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது. இதை விட்டால் இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. பழைய நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள்.

அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். நான் இன்னும் அதே நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பதை அவள் மன்னித்ததில்லை. நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தாள்.

“ரெண்டு வரி லெட்டர். அங்க எல்லாத்தையும் நீதானே எழுதுற” என்றாள். “படியே ஏறாத மனுஷன மலையேற வச்ச. உங்கண்ணன ஒரு ரூமுக்குள்ள ஏத்த முடியாதா?”

“கேட்டுப் பாக்கறேன் அண்ணி.”

“கேட்டுப் பாக்காத. வாங்கிட்டு வா. ராத்திரி பூரா இருமறாரு. எனக்குப் பயமா இருக்கு.”

மனிதவளத் தலைவி ஆறு பேரில் ஒருவர். அவர் பின்னணியின் கடைசி வரி ‘பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதில் நாட்டம்’. நான் சொன்னதை முழுவதும் கேட்டார், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு, “ரெக்கார்டுல என்ன இருக்கோ அதத்தான் குடுக்க முடியும்மா” என்றார். “எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் இருந்தாரு, என்ன வேலை, ஏன் போனாரு. மனிதத் தவறுன்னு இருக்கு. மாத்தணும்னா அதுக்கு ஆதாரம் வேணும். பழைய ஃபைலெல்லாம் அழிக்க வியாழக்கிழமை வண்டி வருது. அதுக்குள்ள ஏதாவது கெடச்சா கொண்டு வாங்க.”

‘மனிதத் தவறு’ என்றே போட்டு, கடிதத்தை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பியும் விட்டார். நான் அண்ணனுக்குப் போன் செய்து, மாற்று ஆதாரம் தேடப்போகிறேன் என்றேன்.

“எதுக்கு? அனுப்புன லெட்டரே போதும்” என்றான். “அந்த ரூம் ஆபீசர்கிட்ட நான் நடந்ததச் சொல்லிட்டேன். தப்பான டிஸ்க உருவிட்டேன், ஆளுங்களுக்குக் கண்ணு போச்சு, எல்லாம் சொல்லிட்டேன். அவரு நல்ல மாதிரி. நீ ஒண்ணையும் கெளறாத.”

ஒன்பது வருடம் அடிவாங்கி அடிவாங்கி இவனுக்குக் கேட்கிற வாயே போய்விட்டது என்று நினைத்தேன். அவனுக்கும் சேர்த்து நான் கேட்பேன் என்று வரிந்துகட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை ஜீரோ சாரின் பின்னணி எழுத உட்கார்ந்தேன். படிப்பு, விருது, காப்புரிமை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, நோட்டை மூடாமலே கேட்டேன்: “சார், அந்தக் கண் ஆஸ்பத்திரில நெஜமா என்ன நடந்துச்சு?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். “கம்பெனி கைமாறப்போகுது. இனிமே சொன்னா என்ன” என்றார். “அந்த பேட்ச்ல ஸ்டிக்கர் தப்பா வந்திருச்சு. ஸ்க்ரீன் ஜீரோலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் எண்ணும். எங்க பழைய பெட்டிலயெல்லாம் ஸ்டிக்கரும் அப்படித்தான். அந்த பேட்ச்ல மட்டும் ஒண்ணுலேர்ந்து பன்னெண்டுன்னு ஒட்டியிருந்துச்சு.”

“அப்போ ஸ்க்ரீன்ல நாலுன்னா?”

“பெட்டில அஞ்சு.”

“எங்கண்ணன் நாலுன்னு பாத்து, நாலுன்னு ஒட்டியிருந்தத உருவினான்.”

“ஆமா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?”

“மறுநாளே. எல்லாக் கஸ்டமருக்கும் புது ஸ்டிக்கர் அனுப்பி ஒட்டச் சொல்லிட்டோம்.”

ஒன்பது வருடம். ஸ்டிக்கரைத் தப்பாக அடித்தது இவர்கள், கூண்டுக்குள் புகையைக் குடிப்பது அவன். “யாரு சார் அந்த ஸ்டிக்கரப் போட்டது?” என்றேன். என் குரல் அடுத்த அறைவரை கேட்டிருக்கும்.

“நான் வரைஞ்சு குடுத்தது ஜீரோலேர்ந்துதாம்மா.”

“அப்போ மாத்தினது யாரு?”

அவர் சன்னலைப் பார்த்தார். “அந்த ஃபைலத் தேடாதீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

எனக்கே மிரட்டலா என்று கொதித்துக்கொண்டு எழுந்தேன். நேராக அடித்தளத்துக்குப் போனேன்.

அழிக்கப்போகிற கோப்புகளை வருடவாரியாக அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். பெட்டிமேல் ஒட்டிய எழுத்துகளில் மூன்று பிழைகள் இருந்தன, அவசரத்திலும் அது கண்ணில் பட்டது. ஒரு மணிநேரம் தேடினேன். மருத்துவமனையின் பெயர் போட்ட நீலக் கோப்பு கிடைத்தது. தரையிலேயே உட்கார்ந்து பிரித்தேன்.

முதலில் இருந்தது ஸ்டிக்கரின் அச்சுப் படி. பன்னிரண்டு சிறு கட்டங்கள். கட்டங்களுக்குள் 0 முதல் 11 வரை. பன்னிரண்டு எண்களையும் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே 1 முதல் 12 வரை எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘எண் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பூஜ்ஜியத்திலிருந்து யாரும் எண்ணமாட்டார்கள். ஜீரோ சாரின் குறும்பு என்று நினைக்கிறேன். திருத்திவிட்டேன்.’ அதற்குக் கீழே ‘சரி பார்த்தேன்.’ அதற்குக் கீழே என் கையெழுத்து.

தேதி, நான் பிரசவ விடுப்பில் போவதற்கு முந்தின நாள். மேசையைக் காலிசெய்துவிட்டுப் போக வேண்டுமென்று அன்று முப்பது தாள்களாவது பார்த்திருப்பேன். அதில் ஒன்று.

அடுத்த தாள் அண்ணனின் விளக்கக் கடிதம். கோணல்மாணலான அவன் எழுத்து. ‘ஸ்டிக்கரில் குழப்பம் எதுவும் இல்லை. எண்கள் திரையில் உள்ளபடியே இருந்தன. அவசரத்தில் தவறாகப் படித்தது நான்தான். இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை.’

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். அவன் கூண்டில் இருந்தான். தாள்களைக் கண்ணாடி இடுக்கு வழியாக நீட்டினேன். பார்த்த உடனே தெரிந்துகொண்டான்.

“கெளறாதன்னு சொன்னேன்ல” என்றான்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“விசாரணையப்பவே சார் காட்டினாரு. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

“ஏண்ணா சொல்லல?”

ஒரு கார் வந்தது. டோக்கன் கொடுத்தான், பொத்தானை அமுக்கினான், கம்பி ஏறியது, இறங்கியது. அதற்குப் பிறகுதான் பேசினான். “தையல் போட்டுப் படுத்திருந்த. திரும்பிப் படுக்கவே முடியல உன்னால. உன் வீட்டுக்காரருக்கும் அப்ப வேலை இல்ல. என்னத்தச் சொல்றது? அவங்களுக்கும் பெட்டில தப்பு இல்லன்னு ஆகணும். எல்லாருக்கும் சரியா இருந்துச்சு.”

“உனக்கு?”

“கடைசித் தட்டுல பதினொண்ணுக்குப் பதிலா பன்னெண்டுன்னு இருக்கும். கேபிள் மறைச்சிருந்துச்சு. நவுத்திப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. அதுவும் தப்புதானே, பேனா.”

நான் அழுதேன். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார். நான் ஓரமாக நகர்ந்து நின்று, “நாளைக்கே இத மேடம்கிட்ட குடுத்து, தப்பு என்னுதுன்னு எழுதி வாங்கப்போறேன்” என்றேன்.

“வேணாம். எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். வெள்ளிக்கெழம ஆர்டர் வந்துரும். விட்ரு.”

“தப்பா இருக்கறத அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு வராதுண்ணா.”

“தெரியும்” என்றான். தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். “அதுல உன் எழுத்து மட்டும் இல்ல. என் எழுத்தும் இருக்கு. வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாரு.”

யோசித்தேன். அவன் தியாகத்தைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மனிதவளத் தலைவி தாள்களைப் படித்தார். நிர்வாகத் தலைவரின் அந்த வரி அவருக்கும் மனப்பாடம். இயந்திரத்தின் ஸ்டிக்கரே தப்பு என்றால் அந்த வரி பொய்யாகிவிடும், கைமாறும் நேரத்தில் அதை யார் தொடுவார்கள்? “நீங்க இத எங்கிட்ட காட்டவே இல்ல, நான் பாக்கவும் இல்ல” என்று திருப்பித் தந்தார். சன்னலுக்கு வெளியே கோப்புகளை அரைக்கிற வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாராவதாக இருந்தால் தாள்களை அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான் அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அண்ணனிடமோ அண்ணியிடமோ சொல்லவில்லை. ஆர்டரோடு வந்து நிற்கும்போது அவன் மேலிருந்த பழியும் போயிருக்க வேண்டும் என்று ஆசை. அதைவிட, என் நெஞ்சில் இருந்ததை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும். அதுதான் உண்மை.

சேமிப்பு அறையின் அதிகாரி காதில் பேனா செருகியிருந்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார். நான் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். இரண்டு தாள்களையும் அவர் முன்னால் வைத்து, “தப்பு அவர்மேல இல்ல சார், என்மேலதான்” என்று முடித்தேன்.

அவர் என் தாளைச் சீக்கிரம் படித்துவிட்டார். அண்ணனின் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“இது அவர் கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“ஸ்டிக்கர்ல குழப்பம் இல்லன்னு எழுதியிருக்காரு. அப்போ இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியும்?”

“தெரியும் சார். எனக்காகத்தான்...”

“புரியுதும்மா.” அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. “மனிதத் தவறுன்னு லெட்டர் வந்தப்போ நான் அதப் பெருசாவே எடுத்துக்கல. அவரே எல்லாத்தையும் சொன்னாரு. ஒரு தடவ தப்பான டிஸ்க உருவினவன், அடுத்த தடவ மூணு தடவ பாத்துட்டுத்தான் உருவுவான். அப்படி ஒரு ஆளுதான் எனக்கு வேணும்னு நெனச்சேன். ஆர்டர் டைப் பண்ணியாச்சு.”

மேசைமேல் ஓர் உறை இருந்தது. அண்ணனின் பெயர் அதில் எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருந்தது.

“ஆனா விசாரணைல தெரிஞ்சே பொய்யா எழுதிக் குடுத்திருக்காரு” என்றார் அதிகாரி. “யாருக்காகவா இருந்தாலும் அது பொய். இங்க ஒரு பெட்டி நின்னா அவர் எழுதிக் குடுக்கறத நம்பித்தான் டாக்டருங்க ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. எங்கிட்டகூட ஸ்டிக்கர் பத்தி அவர் சொல்லலயே. இதப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்க என்னால முடியாதும்மா. தப்ப மன்னிக்க ரூல்ல இடம் இருக்கு. இதுக்கு இல்ல.”

“நான் வரவே இல்லன்னு வச்சுக்கங்க சார்” என்றேன். நேற்று மனிதவளத் தலைவி சொன்னதையே நான் இன்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். இரண்டு தாள்களையும் நகல் எடுத்து அண்ணனின் கோப்பில் வைத்துக்கொண்டார். உறையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

கார் நிறுத்துமிடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான். கூண்டின் மூலையில் அண்ணி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பை இருந்தது. மதியத்துக்கு மேல் மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார்களாம். என் முகத்தைப் பார்த்ததும் அவன் கை பொத்தான்மேலேயே நின்றுவிட்டது.

“போனியா?”

தலையாட்டினேன். அதிகாரி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே மூன்று கார்களை உள்ளே விட்டான். ஒருவருக்கு இருமலோடு வணக்கமும் சொன்னான். எனக்கு அவன் திட்ட வேண்டும்போல இருந்தது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அறைந்தால்கூடத் தேவலை.

“அந்தத் தடவ ஸ்டிக்கர மாத்தறப்போ எங்கிட்டக் கேக்கணும்னு உனக்குத் தெரியாது” என்றான் கடைசியில். “இந்தத் தடவ நானே சொன்னேனே, பேனா.”

சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிக்கொண்டான். “பையனுக்கு இன்னிக்கு அரை நாள்தானே, ஸ்கூல் விட்டு வந்திருவான். வீட்ல ஆள் இல்லாம நிப்பான். போ” என்றான். பின்னால் ஒரு வண்டி காத்திருந்தது. நான் நகர்ந்தேன், அவன் கம்பியைத் தூக்கினான்.

அண்ணி என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

திங்கள்கிழமை ‘தலைமைக் குழு’ பக்கம் கடைசிப் பார்வைக்கு என் மேசைக்கு வந்தது. ஆறு படங்கள், ஆறு பின்னணிகள். ஜீரோ சார் தன் பொழுதுபோக்காகத் தோட்டக்கலை போடச் சொல்லியிருந்தார். நிர்வாகத் தலைவரின் பின்னணியில் அந்த வரி அப்படியே இருந்தது: பதினெட்டு ஆண்டுகளில் எங்கள் இயந்திரங்களின் கோளாறால் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். எழுத்து எழுத்தாகப் படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. கீழே ‘சரி பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.